ஊட்டி பக்கம் காலேஜ்ல பேஸ்பால் டீம் ஆரம்பிக்கணும், எங்கிருந்து தொடங்குறது?

பனிமலை பி.டி. (கேள்வி கேட்டவர்)

வணக்கம் நண்பர்களே. ஊட்டிக்குப் பக்கத்துல ஒரு ஆர்ட்ஸ் காலேஜ்ல பி.டி.யா இருக்கேன். நமக்கு வாலிபால்தான் கேம், அத்லெட்டிக்ஸும் ஓரளவுக்கு பாத்துக்குவேன், பேஸ்பால் டிவியில பாத்ததோட சரி. இந்த வருஷம் பிரின்சிபல் கூப்பிட்டு, இன்டர் காலேஜ் லிஸ்ட்ல பேஸ்பாலும் இருக்கு, கபடி வாலிபால்ல எல்லாம் கோயமுத்தூர் காலேஜுங்கள தாண்டி நம்ம பசங்க வர்றது கஷ்டம், இதுல போட்டி கம்மி, ஒரு டீம் ரெடி பண்ணுங்க சார்னு சொல்லிட்டாரு. சரிங்கன்னு தலையாட்டிட்டு வந்து ஸ்டோர் ரூம திறந்து பாத்தா பூசணம் புடிச்ச நாலு குளவ்ஸ், ஒரு அலுமினியம் பேட், தையல் விட்ட பந்து கொஞ்சம். அவ்வளவுதான் சொத்து.

கிரவுண்டு பத்தி சொல்லியாகணும். ஒரு பக்கம் தேயிலத் தோட்டம், இன்னொரு பக்கம் சரிவு, பந்து உருண்டா கீழ ரோட்டுக்கே போயிரும். மத்தியானம் மூணு மணிக்கு மேல மூடுபனி எறங்கிச்சுன்னா எதிர்ல நிக்கிறவன் மூஞ்சியே தெரியாது. காலையில வெச்சுக்கலாம்னா பாதிப்பேரு ஹட்டியில (மலைக் கிராமத்துல) இருந்து பஸ்ல வர்றவங்க, மஞ்சூர் பக்கம் இருந்தெல்லாம் வர்றாங்க, சில பேரு விடிகாலையில கேரட் லோடுக்குப் போயிட்டு அப்படியே கிளாஸுக்கு வந்து தூங்குற பசங்க. அவங்கள நான் என்னன்னு திட்டுறது.

வர்றவன் எல்லாம் கிரிக்கெட் ஆடுறவன்தான். அவனுங்களயே மாத்தி எடுத்துக்கலாமா, இல்ல ஒண்ணும் தெரியாத பசங்கள புதுசா எடுக்கணுமா? பிட்ச்சர், அதான் பந்து எறியிறவன், யாரப் போடுறது? பொண்ணுங்களும் நாங்களும் ஆடுறோம் சார்னு வந்து நிக்கிறாங்க. டோர்னமெண்டுக்கு ரெண்டு மூணு மாசம் இருக்கும். தெரிஞ்சவங்க கொஞ்சம் வழி சொல்லுங்க, விக்கிப்பீடியா லிங்க் மட்டும் போடாதீங்க, படிச்சாச்சு.


குன்னூர் கேட்சர்

சார் வணக்கம். நான் காலேஜ் படிக்கிறப்ப யுனிவர்சிட்டி டீமுக்கு ஆடுனவன், இப்ப வேலை வேற, ஆனா லீவு நாள்ல ஒரு ஸ்கூல் பசங்களுக்கு சொல்லிக் குடுத்துட்டு இருக்கேன். நீளமா எழுதுறேன், பொறுமையா படிங்க.

மொதல்ல பேட்ட எடுத்து உள்ள வெச்சுப் பூட்டிருங்க. நெசமாத்தான் சொல்றேன். இந்த லெவல்ல நான் பாத்த மேட்ச்ல முக்காவாசி ரன்னு பேட்ல இருந்து வர்றதில்ல, வாக்குல (பிட்ச்சர் நாலு பந்து குறி தவறிப் போட்டா அடிக்கிறவனுக்கு சும்மாவே ஃபர்ஸ்ட் பேஸ் கிடைக்கிறது) வரும், ஓவர் த்ரோல வரும், ஃபர்ஸ்ட் பேஸ்ல நிக்கிறவன் பந்த நழுவ விட்டு வரும். ஸ்ட்ரைக் (அடிக்கிற எல்லைக்குள்ள வர்ற பந்து, மூணு ஆனா அவுட்) போடத் தெரிஞ்ச ஒரு பிட்ச்சர், பந்த விடாத ஒரு கேட்சர், ஷார்ட் ஸ்டாப்ல (செகண்ட் பேஸுக்கும் தேர்ட் பேஸுக்கும் நடுவுல) இருந்து நெஞ்சு உயரத்துக்கு நேரா எறியத் தெரிஞ்ச ஒருத்தன், அத வாங்குறதுக்கு ஃபர்ஸ்ட் பேஸ்ல ஒருத்தன். இந்த நாலு பேரு செட் ஆனாலே கீழ இருக்கிற பாதி டீம நீங்க ஜெயிக்கலாம். அதனால எறியிறதும் புடிக்கிறதும்தான் மொதல் மாசம் முழுக்க.

கிரிக்கெட் பசங்கள எடுக்கலாம், ஆனா எதுக்கு எடுக்கிறோம்னு தெரிஞ்சு எடுங்க. கை நல்லா இருக்கும், ஹை கேட்ச்ல பயம் இருக்காது. அதுக்கு மேல எல்லாமே மறக்க வைக்க வேண்டியதுதான். லெக் கிளான்ஸ், லேட் கட்டு எல்லாம் இங்க ஃபவுல், அதுவும் மொத ரெண்டு ஸ்ட்ரைக்கா கணக்குல ஏறிரும். பந்து ஃபேர் டெரிட்டரில (ரெண்டு ஃபவுல் கோட்டுக்கு உள்ள) விழுந்துட்டா ஓடியே ஆகணும், நின்னு யோசிக்கிறதுக்கு இடமே இல்ல, எங்க ஸ்கூல் பசங்க ஷாட் அடிச்சிட்டு நோ நோன்னு பார்ட்னரப் பாத்து கத்துவானுங்க, பார்ட்னரே கிடையாதுடா உனக்குன்னு சொல்லி ஓட விடணும். பேட்ட கையிலயே தூக்கிட்டு ஓடுறது இன்னொரு வியாதி. அப்புறம் வெறுங்கையில ரெண்டு கையால புடிச்சுப் பழகுனவனுக்கு எறியாத கையில மட்டும் குளவ்ஸ் மாட்டிவிட்டா மொத வாரம் கையே வேலை செய்யாது. குளவ்ஸ் இல்லாதவங்க டென்னிஸ் பந்த வெச்சு எறியாத கையால மட்டும் புடிச்சுப் பழகலாம், காசே இல்லாத பிராக்டிஸ்.

பிட்ச்சருக்கு ஃபாஸ்ட் பவுலரத் தேடாதீங்க. அவன் ரன் அப்புல வேகம் எடுக்கிறவன், கைய மடக்காம சுத்துறவன், இங்க ஒரு கால் ரப்பர்ல (பிட்ச்சர் நிக்கிற பலகையில) வெச்சு நின்ன இடத்துல இருந்து எறியணும். ஈட்டி எறியிறவன், ஹேண்ட்பால் ஆடுறவன், உங்க வாலிபால்ல ஸ்பைக் அடிக்கிறவன், இவங்கதான் சரியான ஆளு. 2008ல மில்லியன் டாலர் ஆர்ம்னு ஒரு போட்டி வெச்சு நம்ம நாட்டுல இருந்து ரிங்கு சிங், தினேஷ் படேல்னு ரெண்டு பேர எடுத்தாங்களே, பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் டீம் ஒப்பந்தம் போட்டுச்சு, ரெண்டு பேருமே ஈட்டி எறிஞ்சவங்க, அதுக்கு முன்னாடி பேஸ்பால் ஆடுனதே கிடையாது.

விக்கெட் கீப்பர கேட்சரா போடுறதுதான் எல்லாரும் பண்றது. உக்காந்து பழகுன முட்டி இருக்கு, நல்லதுதான். ஆனா கீப்பர் பந்தோட சேர்ந்து எழுந்திரிப்பான், கேட்சர் எழுந்திரிக்கக் கூடாது. கீழ குத்தி வர்ற பந்த புடிக்கப் பாக்காம ரெண்டு முட்டியையும் தரையில போட்டு நெஞ்ச குறுக்கி முன்னாடி விழவைக்கணும். அதுக்கு நெஞ்சு கவசம், மாஸ்க், கால் கார்டு, உள்ள கப்பு எல்லாம் வேணும். மத்தது எதுல வேணா மிச்சம் புடிங்க, கேட்சர் கவசத்துலயும் ஹெல்மெட்லயும் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், மேனேஜ்மெண்ட்கிட்ட சண்ட போட்டாவது வாங்குங்க.

கையப் பத்தி ஒண்ணு. கிரிக்கெட் பந்து 156 கிராமுக்கு மேல, பேஸ்பால் 142ல இருந்து 149 கிராம்தான். லேசா இருக்கேன்னு பசங்க மொத நாளே முழு வேகத்துல எறிஞ்சு தள்ளுவானுங்க, நம்ம ஊரு குளிர்ல ஒடம்பு சூடாகாம அப்படி எறிஞ்சா ஒரு வாரத்துல முழங்கை போச்சு. மொதல்ல ஓடி வேர்க்கணும், அப்புறம் பக்கத்துல நின்னு எறிஞ்சு கொஞ்சம் கொஞ்சமா தள்ளிப் போகணும். அமெரிக்காவுல பிட்ச் ஸ்மார்ட்னு ஒரு கணக்கு வெச்சிருக்காங்க, 17, 18 வயசுக்கு ஒரு நாளைக்கு 105 பிட்ச்சுக்கு மேல கூடாது, 30 வரைக்கும் போட்டா மறுநாளும் போடலாம், 31 தாண்டுனா ஒரு நாள், 46 தாண்டுனா ரெண்டு நாள், 61 தாண்டுனா மூணு நாள், 81 தாண்டுனா நாலு நாள் ரெஸ்ட். நம்ம டோர்னமெண்ட் ரெண்டு மூணு நாள்ல முடிஞ்சிரும், அதனால ஒரே பிட்ச்சர நம்பிப் போனா ரெண்டாவது நாளே காலி. குறைஞ்சது மூணு பேர ரெடி பண்ணுங்க. கர்வ் பால் எல்லாம் இப்ப வேண்டாம், நேர் பந்தும் அதே கை வேகத்துல மெதுவா வர்ற சேஞ்ச் அப்பும் போதும்.


தேயிலை மண்டை

கிரிக்கெட்டுக்கே நம்மூர்ல சமமான கிரவுண்டு கிடையாது, இதுல பேஸ்பாலா. ஹோம் ரன் அடிச்சா பந்து எடுக்க காட்டெருமைகிட்ட பர்மிஷன் கேக்கணும் 😂


பனிமலை பி.டி.

தேயிலை மண்டை, சிரிக்காதீங்க, போன மாசம் காலையில கிரவுண்டுல நெசமாவே அஞ்சு எருமை மேஞ்சிட்டு இருந்துச்சு, வாட்ச்மேன் விசிலடிச்சுப் பாத்தாரு, அதுங்க திரும்பிக்கூடப் பாக்கல.

குன்னூர் கேட்சர் சார், ரொம்ப நன்றி. கிரவுண்டு மார்க்கிங் எப்படிப் போடுறது? நமக்கு 90 அடி சதுரம்னு தெரியும், ஆனா சரிவுக்குள்ள எப்படி வைக்கிறதுன்னு புரியல.


குன்னூர் கேட்சர்

மார்க்கிங் ஈஸிங்க சார். ஹோம் பிளேட்டோட பின் முனையில ஒரு ஆணி அடிங்க, அங்க இருந்து செகண்ட் பேஸுக்கு 127 அடி 3 அங்குலம் சொச்சம், அங்க ஒரு ஆணி. ரெண்டு ஆணியில இருந்தும் 90 அடி டேப்ப இழுத்தா ரெண்டும் சேர்ற எடம்தான் ஃபர்ஸ்ட், எதிர்ப்பக்கம் தேர்ட். பிட்ச்சர் ரப்பர் ஹோம் பிளேட்ல இருந்து 60 அடி 6 அங்குலம். நிறைய பேரு சதுரத்துக்கு நடுவுல வெப்பாங்க, தப்பு, நடுப்புள்ளி அதுக்கும் பின்னாடி மூணு அடி தள்ளி வரும். மவுண்டு (பிட்ச்சர் நிக்கிற மேடு) 10 அங்குல உயரம், முன்பக்கம் அடிக்கு ஒரு அங்குலமா எறங்கணும், நம்ம செம்மண்ண நனைச்சு நனைச்சு திமிசு போட்டா கல்லு மாதிரி நிக்கும், மழைக்கு மேல தார்ப்பாய் மட்டும் போட்டு மூடிருங்க.

இருக்கிறதுலயே சமமான எடத்துல இன்ஃபீல்ட (பேஸ் இருக்கிற சதுரத்த) வைங்க, சரிவு அவுட்ஃபீல்டுக்குப் போகட்டும். தோட்டத்துக்குள்ள பந்து போனா ரெண்டு பேஸ்னு உள்ளூர் ரூல் வெச்சுக்கலாம், குதிச்சு வேலி தாண்டுற பந்துக்கு ரெண்டு பேஸ் குடுக்கிறது ஒரிஜினல் ரூல்லயே இருக்கு. பேஸுக்கு சாக்குல மணல் கட்டிப் போடாதீங்க, ஸ்லைடு பண்றவன் கணுக்கால் திரும்பிரும், பழைய ரப்பர் மேட்ட சதுரமா வெட்டிப் போட்டா போதும்.

ஸ்லைடிங் சொல்லித்தர பழைய ஃப்ளெக்ஸ் பேனர் இருக்குமே, புல்லுல விரிச்சு தண்ணி ஊத்தி அதுல சறுக்க விடுங்க. பசங்களுக்கு அதுதான் ரொம்பப் புடிக்கும், பிராக்டிஸுக்கு வராதவன்கூட அன்னைக்கு வந்து நிப்பான். எந்தக் கட்சி பேனர்னு மட்டும் பாத்து எடுத்துட்டு வாங்க சார்.


கோத்தகிரி டூ டெக்சாஸ்

நம்மூர் பேரப் பாத்ததும் உள்ள வந்துட்டேன். சொந்த ஊரு கோத்தகிரி பக்கம், இப்ப இருக்கிறது டெக்சாஸ்ல, இங்க எங்க ஊரு கம்யூனிட்டி காலேஜ் பேஸ்பால் டீமுக்கு வார இறுதியில ஸ்கோர் புக் எழுதப் போவேன், சம்பளம் கிடையாது, ஹாட் டாக் உண்டு. பி.டி. சார் சொல்ற கஷ்டம் எல்லாம் அப்படியே இங்கயும் இருக்குங்க, அதான் எழுதணும்னு தோணுச்சு.

கம்யூனிட்டி காலேஜ்னா ரெண்டு வருஷப் படிப்பு. பசங்க ரெண்டு வருஷம் ஆடிட்டு பெரிய யுனிவர்சிட்டிக்கு மாறிப் போயிருவாங்க, இல்ல ப்ரோ டீம் எடுத்துக்கும், இல்ல அதோட வேலைக்குப் போயிருவாங்க. அதனால கோச்சுக்கு ஒவ்வொரு வருஷமும் பாதி டீம் காணாமப் போயிரும். பெரிய யுனிவர்சிட்டி கோச்சு நாலு வருஷம் ஒருத்தன வளர்க்கலாம், இவருக்கு அந்த வசதி இல்ல. ஆனா இந்த லெவல கேவலமா நினைக்காதீங்க, ஆல்பர்ட் புஹோல்ஸ் கேன்சஸ் சிட்டியில மேப்பிள் வுட்ஸ்னு ஒரு கம்யூனிட்டி காலேஜ்ல ஆடுனவர், 1999 டிராஃப்ட்ல (ப்ரோ டீமுங்க வரிசையா புது ஆளுங்கள எடுக்கிறது) 13வது ரவுண்டு வரைக்கும் யாரும் சீண்டல, கடைசில 703 ஹோம் ரன் அடிச்சிட்டுப் போனாரு. பிரைஸ் ஹார்ப்பர் இன்னொரு பக்கம், சதர்ன் நெவாடா காலேஜ்ல ஒரு வருஷம் ஆடிட்டு 2010 டிராஃப்ட்ல மொத ஆளா போனாரு. இந்த மாதிரி காலேஜுங்களுக்குன்னு என்ஜேசிஏஏன்னு ஒரு சங்கம் இருக்கு, 1938ல ஆரம்பிச்சது, அவங்க டிவிஷன் 1 வேர்ல்ட் சீரிஸ் (கடைசிக்கட்டப் போட்டி) வருஷா வருஷம் மே மாசக் கடைசியில கொலராடோல கிராண்ட் ஜங்ஷன்ங்கிற ஊர்ல நடக்கும், சின்ன மலைப்பக்க ஊருதான், ஊரே திரண்டு வரும்.

இங்க கோச்சு பண்ற வேலையப் பாத்தா நீங்க சிரிப்பீங்க. காலையில புல்லு வெட்டுவாரு, மவுண்டுக்கு மண்ணு போட்டு இடிப்பாரு, மேட்ச்சுக்கு வேன் ஓட்டுவாரு, நன்கொடைக்கு கார் கழுவுற கேம்ப் போடுவாரு, மிச்ச நேரம் பசங்க கிளாஸுக்குப் போனானான்னு ஒவ்வொரு வாத்தியாரா கேட்டுட்டு திரிவாரு, ஏன்னா செமஸ்டருக்கு 12 கிரெடிட் எடுத்து படிக்கலைன்னா ஆட விடமாட்டாங்க. ஆட்டம் சொல்லிக்குடுக்கிறது அதுல ஒரு பங்குதான்.

நான் கவனிச்சதுல அவரோட கெட்டிக்காரத்தனம் எங்க இருக்குன்னா, ரெண்டாம் வருஷப் பசங்க ஒவ்வொருத்தன் தலையிலயும் ஒரு வேலையக் கட்டிருவாரு. ஒருத்தன் புது பிட்ச்சருங்களுக்கு வார்ம் அப் பாப்பான், ஒருத்தன் இன்ஃபீல்டு டிரில் நடத்துவான், ஒருத்தன் பிட்ச் எண்ணி நோட்டுல எழுதுவான். கோச்சு வரலைன்னாலும் பிராக்டிஸ் அது பாட்டுக்கு நடக்கும். அவன் போனதும் அவன்கிட்ட கத்துக்கிட்டவன் அந்த வேலைக்கு வந்துருவான். உங்களுக்கு மூணு வருஷ டிகிரின்னாலும் மொத வருஷம் பாதி பையன் காலேஜப் புரிஞ்சுக்கவே போயிரும், கடைசி வருஷம் புராஜெக்ட், கேம்பஸ்னு ஓடிருவான், ஆக உங்க கையில இருக்கிறதும் கிட்டத்தட்ட ரெண்டு வருஷம்தான். அதனால இந்த வருஷ டோர்னமெண்ட்டுக்குன்னு மட்டும் பைனல் இயர் பசங்களா பொறுக்கி எடுக்காதீங்க சார், அடுத்த வருஷம் மறுபடி அதே நாலு குளவ்ஸோட தனியா நிப்பீங்க. ஃபர்ஸ்ட் இயர்ல ஆறு பேராவது வேணும், ஆடத் தெரியலைன்னாலும் பரவால்ல.

கேரட் லோடு பசங்களப் பத்தி சொன்னீங்களே. இங்கயும் ராத்திரி சூப்பர் மார்க்கெட்ல மூட்டை அடுக்கிட்டு காலையில பிராக்டிஸுக்கு வர்றவனுங்க இருக்காங்க. அவங்களுக்கு கோச்சு தனி டைம் குடுப்பாரு, அரை மணி நேரம், வெறும் டீ வொர்க் (ஸ்டாண்டு மேல வெச்ச பந்த அடிக்கிறது), வலையில அடிச்சிட்டுப் போ அவ்வளவுதான். வரலைன்னு டீம விட்டுத் தூக்கமாட்டாரு. மூட்டை தூக்குற தோள விட நல்ல தோளு உங்களுக்கு எங்க கிடைக்கும்?


கொடை ஃபிசிக்ஸ்

கொடைக்கானல்ல இருந்து. நான் காலேஜ்ல ஃபிசிக்ஸ் எடுக்கிறேன், பேஸ்பால் பைத்தியம், கோச் எல்லாம் கிடையாது. யாரும் உயரத்தப் பத்திப் பேசலையே, மலைக்காரங்களுக்கு அதுதானே மேட்டரு.

ஊட்டி 2240 மீட்டர். மெக்சிகோ சிட்டியும் கிட்டத்தட்ட அதே 2240தான். 2023 ஏப்ரல் 29 அங்க சான் டியாகோ பாட்ரெஸும் சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸும் ஒரு லீக் மேட்ச் ஆடுனாங்க, ஸ்கோரு 16க்கு 11, ஒரே மேட்ச்ல 11 ஹோம் ரன். காத்தோட அடர்த்தி கடல் மட்டத்த விட அஞ்சுல ஒரு பங்கு கம்மி, அதனால அடிச்ச பந்து தடை இல்லாம போய்க்கிட்டே இருக்கும். அதே காரணத்துக்காக கர்வ் பாலும் இங்க சரியா திரும்பாது, தையல் சுத்தி காத்தத் தள்ளித்தான பந்து வளையுது, தள்ள காத்தே கம்மியா இருந்தா எங்க வளையும். டென்வர்ல, அது 1600 மீட்டர்தான், அங்கயே பிட்ச்சருங்க புலம்புவாங்க, 2002ல இருந்து பந்தெல்லாம் ஈரப்பதம் வெச்ச ரூம்ல போட்டு வெச்சுத்தான் எடுக்கிறாங்க.

இதுல உங்களுக்கு என்ன பாடம்னா, உங்க பசங்க ஊட்டியில பிராக்டிஸ் பண்ணிட்டு 400 மீட்டர் சொச்சத்துல இருக்கிற கோயமுத்தூர்ல எறங்குனா எல்லாமே மாறிரும். அவுட்ஃபீல்டர் பழக்கத்துல பின்னாடி ஓடுவான், பந்து அவனுக்கு முன்னாடி விழும். எதிர் டீம் பிட்ச்சர் போடுற சுமாரான கர்வே உங்க பேட்ஸ்மேன் கண்ணுக்கு பயங்கரமா வளையும், ஏன்னா இங்க அவன் அந்த மாதிரி பாத்ததே இல்ல. அதனால மேட்ச் காலையில பஸ்ல எறங்கி நேரா கிரவுண்டுக்குப் போகாதீங்க. மொத நாளே போய் அவுட்ஃபீல்டுக்கு ஹை பால் நிறைய அடிச்சு விடுங்க, வெயிலுக்கும் ஒடம்பு பழகும். லாபமும் ஒண்ணு இருக்கு, மேல மூச்சு வாங்கிப் பழகுனவன் கீழ சளைக்கமாட்டான். ஆனா வெயிலு அத சரிக்கட்டிரும், தண்ணி குடிக்க வைங்க.

மூடுபனிக்கு ஒரு ஐடியா. WBSC (உலக பேஸ்பால், சாஃப்ட்பால் சங்கம்) ஒரு ஆட்டம் கொண்டு வந்திருக்கு, பேஸ்பால்5னு பேரு, பேட் கிடையாது, குளவ்ஸ் கிடையாது, ஒரு ரப்பர் பந்த கையால அடிச்சிட்டு ஓடணும், பக்கத்துக்கு அஞ்சு பேரு, பேஸுக்கு பேஸ் 13 மீட்டர்தான், ஆம்பள பொம்பள கலந்துதான் டீமே. பாஸ்கெட்பால் கோர்ட்டுக்குப் பக்கத்துல ஒரு வெறும் எடம் இருந்தா போதும். ஓடணுமா நிக்கணுமா, எந்த பேஸுக்கு எறியணும், இந்த மூளை வேலை எல்லாம் அதுலயே வந்துரும். பொண்ணுங்களயும் பசங்களயும் சேத்து ஒரே நேரத்துல ஆட விடலாம்.


குன்னூர் கேட்சர்

கொடை சார், உயரம் பத்தி சொன்னது நூத்துக்கு நூறு, நாங்க கீழ போய் மொத இன்னிங்ஸ்ல ஹை கேட்ச்சா விட்டதுக்கு காரணம் வெயிலுன்னே நெனச்சிட்டு இருந்தோம். ஆனா பேஸ்பால்5ல எனக்கு முழுசா ஒப்புதல் இல்ல. ரூல் பழக, மழை நாள்ல பொழுது போக சரி. ரெண்டு மாசம்தான் இருக்கு, ரப்பர் பந்துல பழகிட்டு கெட்டிப் பந்து வந்ததும் பசங்க மூஞ்சியத் திருப்பிக்குவாங்க. பந்துக்கு பயப்படாம இருக்கிறது தனியா கத்துக்க வேண்டிய விஷயம், அத தள்ளிப்போட்டா கடைசி வரைக்கும் வராது. வாரத்துல ஒரு நாள் வேணா வெச்சுக்கங்க.


கொடை ஃபிசிக்ஸ்

அட, நானும் தினமும் ஆடச் சொல்லலையே. மூணு மணிக்கு மேல பனியில வெள்ளைப் பந்து எங்க வருதுன்னே தெரியாம ஒருத்தன் பல்லு போறத விட இது மேல்னுதான் சொன்னேன். பனி நாள்ல கிரவுண்ட் பால் மட்டும் உருட்டி விடுங்க, மேல தூக்கி எதுவும் வேண்டாம்.


பனிமலை பி.டி.

எல்லாருக்கும் நன்றி, நோட்டு எடுத்து எழுதி வெச்சிட்டேன். டெக்சாஸ் அண்ணா சொன்னது நல்லா உறைச்சுச்சு, நான் மனசுக்குள்ள பைனல் இயர் வாலிபால் டீம் ஆறு பேரத்தான் கணக்குப் போட்டு வெச்சிருந்தேன், அவங்கள எடுக்கத்தான் போறேன், ஆனா ஆளுக்கு ஒரு ஃபர்ஸ்ட் இயர் பையன ஒப்படைச்சிருவேன். கேரட் பசங்களுக்கு மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல அரை மணி.

பொண்ணுங்க விஷயம்தான் இன்னும் குழப்பமா இருக்கு. ஆபீஸ்ல கேட்டா பொண்ணுங்கன்னா சாஃப்ட்பால்தானே சார், அதுக்கு லெட்டர் போடுங்கன்றாங்க.


நீலகிரி ஷார்ட்ஸ்டாப்

நான் சொல்றேன் சார், நான் பொண்ணுதான், காலேஜ்ல ரெண்டும் ஆடியிருக்கேன். பொண்ணுங்களுக்கும் பேஸ்பால் தனியா இருக்கு, நம்ம இந்தியா பெண்கள் டீம் ஆசியக் கோப்பை வரைக்கும் போய் ஆடியிருக்கு. உங்க யுனிவர்சிட்டி சர்க்குலர எடுத்து பெண்கள் பிரிவுல எது எது போட்டிருக்குன்னு நீங்களே பாருங்க, ஆபீஸ்ல சொல்றத நம்பாதீங்க. ரெண்டும் இருந்தா பேஸ்பாலே எடுங்க, ஒரே கிரவுண்டு, ஒரே மார்க்கிங், ஒரே பந்துல ரெண்டு டீமும் ஓடிரும். சாஃப்ட்பாலுக்குப் போனா பேஸ் தூரம் 60 அடி, பந்து பெருசு, பிட்ச்சிங் கீழ்க்கையில, எல்லாத்தையும் மறுபடி மொதல்ல இருந்து.

இன்னொரு விஷயம், பொண்ணுங்கள பசங்க பிராக்டிஸ் முடிஞ்சப்புறம் மிச்ச நேரத்துல ஆட விடாதீங்க. எங்களுக்கு அப்படித்தான் நடந்துச்சு, பசங்க முடிக்க அஞ்சு மணி ஆகிரும், கடைசி பஸ்ஸு அஞ்சே காலுக்கு, பத்து நிமிஷம் பந்து பொறுக்கிட்டு வீட்டுக்குப் போவோம். ஹட்டியில இருந்து வர்ற பொண்ணு ஒரு நாள் இருட்டுல வீடு சேந்தாலே மறுநாள் அப்பா கிரவுண்டு பக்கம் விடமாட்டாரு. எங்களுக்கு மொத டைம் குடுங்க, பசங்க லேட்டா போனா யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க. முடிஞ்சா நீங்களே ஒரு தடவ வீட்டுக்கு போன் பண்ணிப் பேசிருங்க சார், பி.டி. சார் பேசுறாருன்னா தனி மரியாதை.


பனிமலை பி.டி.

இது எனக்குத் தோணவே இல்லம்மா. சர்க்குலர் எடுத்துப் பாத்துட்டேன், பெண்கள் பிரிவும் இருக்கு. டைம மாத்தி வைக்கிறேன்.

கடைசியா ஒண்ணு, பேட்டிங் வலைக்கு என்ன பண்றது? பேட்டு பூட்டித்தான் இருக்கும், ரெண்டாவது மாசத்துக்குத்தான் கேக்கிறேன். அப்புறம் குளிர்ல அந்த அலுமினியம் பேட்டு கை அதிருது, கம்போசிட் பேட்டு வாங்கலாமான்னு ஒரு பையன் கேக்கிறான்.


குன்னூர் கேட்சர்

கம்போசிட் வேண்டவே வேண்டாம் சார், குளிர்ல விரிசல் விட்டுரும், பத்து பதினைஞ்சு டிகிரிக்கு கீழ அத யூஸ் பண்ணாதீங்கன்னு கம்பெனிக்காரனே சொல்றான், நம்மூர் காலை நேரத்துக்கு அது ஆகாது. அலுமினியமே நல்லது. கை அதிருதுன்னா பந்து பேட்டோட நடுவுல படலைன்னு அர்த்தம், அதுவே ஒரு வாத்தியாரு. பழைய சைக்கிள் டியூப வெட்டி கைப்பிடியில சுத்தி விடுங்க. டீ ஸ்டாண்டுக்கு பிவிசி பைப்ப இடுப்பு உயரத்துக்கு நிறுத்தி, மேல ஒரு ரப்பர் ஹோஸ் துண்ட சொருகுனா முடிஞ்சுது.


தேயிலை மண்டை

சரி நானும் உருப்படியா ஒண்ணு சொல்றேன். எங்க மாமா கார்னேஷன் போட்டிருந்தாரு, பாலிஹவுஸ் பிரிச்சப்புறம் ஷேட் நெட் சும்மா கிடக்கு, பி.டி. சாருக்கு வேணும்னா வந்து எடுத்துக்கலாம். பந்து தாங்குமா?


குன்னூர் கேட்சர்

ஒத்தையா கட்டுனா ரெண்டே நாள்ல ஓட்டை. மூணு நாலு மடிப்பா போட்டு மேல கம்பியில மட்டும் கட்டுங்க, கீழ இறுக்காம தரையில தளர்வா கிடக்கட்டும், பந்து பட்டதும் உள்வாங்கி அப்படியே கீழ விழும். பின்னாடி ரோடு இருந்தா மட்டும் அத நம்பாதீங்க, மீன் வலை கடையில கனமான நைலான் வலை கிடைக்கும், அந்தப் பக்கத்துக்கு அது போட்டுருங்க.


பனிமலை பி.டி.

தேயிலை மண்டை, மாமா நம்பர இன்பாக்ஸ்ல போடுங்க, சனிக்கிழமை பசங்களோட ஜீப்ல வர்றேன்.